லோவெல் ஹாக்ஸ்டாட் சொல்லாத பதில்

யாராவது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால், லோவெல் ஹாக்ஸ்டாட்டின் கண் முதலில் அவர்களுடைய முழங்காலுக்குத்தான் போகும். முகம் அப்புறம்தான். ஞாயிற்றுக்கிழமை லூதரன் தேவாலயத்தில் பாட்டுக்காகச் சபை மொத்தமும் எழுந்து நிற்கும்போது அவர் மட்டும் ஒரு நொடி பிந்தி எழுவார். அந்த ஒரு நொடிக்குள், முன் வரிசைகளில் யார் முழங்காலை மடக்கி முதுகு நிமிர எழுகிறார்கள், யார் இடுப்பை வளைத்து முன்னால் சரிந்து எழுகிறார்கள் என்று பார்த்து முடித்திருப்பார். கல்யாண வீடு, சாவு வீடு, பல் டாக்டரின் வரவேற்பறை என்று எங்கே போனாலும் இதே வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி மார்லிஸ் இதைப் பார்த்து வருகிறாள்.

"பாஸ்டரம்மா எந்த ரவுண்டுல போவாங்க?" என்று திரும்பி வரும் வழியில் காரில் கேட்பாள்.

"எடுக்க மாட்டாங்க. இடுப்புல வளையுறாங்க."

"நான்?"

"உன்ன நான் ஏற்கெனவே எடுத்தாச்சு. இனிமே அளந்து என்ன ஆகப்போகுது?"

பிழைப்பே அதுதான். பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலில், ஓர் ஏரிக்கரை நகரத்து அணிக்கு ஸ்கவுட்டாக, அதாவது கல்லூரி கல்லூரியாகப் போய் ஆட்களை எடைபோட்டு, யாரை எந்த ரவுண்டில் எடுக்கலாம் என்று சொல்பவராக, அவர் வேலை பார்த்தார். எல்லா இடத்து ஆட்டக்காரர்களையும் பார்ப்பார் என்றாலும், அவர் பேர்போனது டேக்கிள்களுக்கு. பந்தை எறியப் பின்னால் நிற்பவனுக்கு முன்னே ஐந்து பேர் மதில் மாதிரி நிற்பார்கள். அந்த மதிலின் இரண்டு ஓரங்களிலும் நிற்பவன் டேக்கிள். எதிர் அணியின் வேகமான ஆள் அந்த ஓரமாகத்தான் பாய்ந்து வருவான். டேக்கிள் பின்வாங்கிக்கொண்டே அவனைத் தடுக்க வேண்டும். முழங்காலை மடக்கி நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கத் தெரிந்தவன் தடுப்பான். இடுப்பை வளைப்பவனுக்குத் தலை முன்னே போகும், தலை போனால் கால் நின்றுவிடும், கால் நின்ற இடத்தில் எதிராளி அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான். எருமையின் உடம்புக்கு ஆட்டின் கால்கள் அமைந்த மாதிரி ஓர் ஆள் வேண்டும். வருஷத்துக்கு நாடு முழுக்க அப்படி ஒரு கை விரல்களுக்குள்தான் தேறுவார்கள்.

லோவெலும் டேக்கிளாக ஆடியவர்தான். விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊர். அப்பா மாட்டுத் தீவன ஆலையில் மூட்டை ஏற்றினார். அந்த வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தது லோவெல். படிப்புக்கான செலவை ஃபுட்பால் கட்டியது. அதனால் அந்தப் படிப்பு தன் மூளைக்குக் கிடைத்ததா, முழங்காலுக்குக் கிடைத்ததா என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. வகுப்பில் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது, யாரோ தவறுதலாகத் திறந்து வைத்துவிட்டுப் போன கதவு வழியாகத் தான் உள்ளே வந்துவிட்ட மாதிரி இருக்கும். பட்டத்தைக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நல்ல தாளு," என்றார்.

அந்த வருஷம் ஒரு பெரிய அணியின் கோடைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். முதல் நாள் ஒருவர் டேப்பை எடுத்து, தோள் எலும்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தார். அளந்தவர் அந்த எண்ணை இரண்டாவது தடவை சத்தம் குறைத்துச் சொன்னார். டேக்கிளுக்குக் கை நீளம் வேண்டும். கை நீண்டவன் எதிராளியைத் தொட்டு நிறுத்திவிடுவான், குட்டைக் கைக்காரனை எதிராளி முதலில் தொட்டுவிடுவான் என்பது சாஸ்திரம். லோவெலின் கை சாஸ்திரத்துக்கு எட்டவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து அந்த நல்ல தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். சரித்திர வாத்தியார் வேலை கிடைத்தது. சாயங்காலம் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தார். அப்படிப் போய்க்கொண்டிருந்தவரை ஒருநாள் அணிக்காரர்கள் கண்டுபிடித்து ஸ்கவுட் ஆக்கினார்கள். கை அளவு பார்த்து வெளியே தள்ளப்பட்டவர், பிறகு வாழ்நாள் முழுக்கக் கையில் டேப்போடு அலைந்தார். இதில் வேடிக்கை இருப்பதாக அவர் நினைத்ததில்லை. டேப் ஒன்றும் பொய் சொல்லவில்லையே என்பார்.

வருஷத்தில் பாதி நாள் காரில் போகும். பின்னால் இரண்டு சட்டை தொங்கும், முன்னால் காபி ஊற்றிய குடுவை இருக்கும். கல்லூரிக்குப் போனால் முதலில் கோச்சைப் பார்க்க மாட்டார். உடுப்பு துவைக்கிற அறைக்குப் போவார், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற அம்மாக்களிடம் பேசுவார், அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிற ஆளோடு வாசலில் நிற்பார். ஆட்டம் பார்க்கும்போது பந்தைப் பார்க்க மாட்டார். பந்து எங்கே போனது, யார் ஜெயித்தார்கள் என்று மார்லிஸ் போனில் கேட்டால் சொல்லத் தெரியாது. இடது ஓரத்து டேக்கிள் களைத்துப்போன கடைசிக் கால்மணி நேரத்தில் எப்படி இறங்கினான் என்று கேட்டால் சொல்லுவார்.

இந்தத் தொழிலில் எல்லாக் கோச்சும் பொய் சொல்வார்கள். தன் பையனை விற்க வேண்டும். முதுகு வலிக்கிற பையனைக் கல் மாதிரி இருக்கிறான் என்பார்கள், வகுப்புக்கே போகாதவனைப் புத்தகப் புழு என்பார்கள். லோவெலிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் ஜீன் ப்ளாஸ்கி. மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கல்லூரியில் ஜீன் முன்வரிசை ஆட்டக்காரர்களின் கோச். குள்ளமான, எப்போதும் குளிருக்குத் தொப்பி போட்ட போலிஷ்காரர். இரண்டு பேருக்கும் நடுவே யாரும் பேசி வைக்காத ஓர் ஏற்பாடு இருந்தது. ஆகஸ்டில் ஜீன் தன் பையன்களைப் பற்றி உண்மையைச் சொல்லுவார். டிசம்பரில் லோவெல் பதிலுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் உண்மை எதற்கென்றால், மூன்று வருஷம் ஆடி முடித்த பையன், படிப்பு முடியாவிட்டாலும், வசந்தத்தில் நடக்கிற டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாம். ஏழு சுற்றுகளில் அணிகள் மாறி மாறி ஆட்களை எடுக்கும். மேல் சுற்றில் எடுக்கப்பட்டால் வாழ்வுதான், கீழே போகப் போகக் காசு குறையும். ஆனால் பெயரைக் கொடுத்துவிட்டால் கல்லூரி ஆட்டம் அதோடு முடிந்தது. படிப்புக்குக் கட்டிய உதவியும் போய்விடும். போகலாமா, இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமா என்று பையன் கோச்சைக் கேட்பான். கோச்சுக்குத் தெரியாது. ஸ்கவுட்டுக்குத் தெரியும். ஆனால் படிக்கிற பையன்களைப் பற்றி அணிக்காரன் வாயைத் திறக்கக் கூடாது என்று ரூல். எழுத்தில் இருந்த அந்த ரூல் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டு மேசைவரை வந்ததில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சப்பர் கிளப்பில், அதாவது ராத்திரிச் சாப்பாட்டுக் கடையில், இரண்டு பேரும் உட்காருவார்கள். செர்ரி மிதக்கிற பிராந்தி வரும். வறுத்த மீன் வருவதற்கு முன் ஜீன் பெயரைச் சொல்லுவார். லோவெல், "இருக்கட்டும்," என்பார். அல்லது "போகட்டும்," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு மீன் வரும்.

கோல்பி ராஷ்கேவை லோவெல் முதலில் பார்த்தது அந்தக் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில். இரண்டு கையிலும் நிறைந்த தட்டைப் பிடித்துக்கொண்டு, தாழ்வான பெஞ்சிலிருந்து, மேசையைத் தொடாமல், பால் தம்ளர் தளும்பாமல் எழுந்தான். வாசல் நிலையை அடைக்கிற உடம்பு. லோவெல் காபியைக் கீழே வைத்தார்.

"அவன் யாரு?" என்று ஜீனைக் கேட்டார்.

"அதான, இன்னும் கேக்கலையேன்னு பாத்தேன். கோல்பி ராஷ்கே. அம்மா சீஸ் ஃபேக்டரில வேலை. அப்பா இல்ல. கணக்கு வாத்தியார் ஆகணும்னு படிக்கிறான்."

"எப்படி?"

"நல்ல பையன். பரிட்சைல தேறுறான். முழங்கால், முதுகு எல்லாம் சுத்தம். ஒரே ஒரு குறை." ஜீன் தன் கையை நீட்டிக் காட்டினார். "குட்டை. நானே அளந்தேன்."

"எவ்வளவு?"

ஜீன் சொன்னார். சொல்லிவிட்டு, "உன்னோடத விட அரை விரக்கடை கம்மி," என்றார்.

"என் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

"பிராந்தி உள்ள போனா வருஷா வருஷம் நீதான சொல்ற."

அந்த இலையுதிர் காலம் முழுக்க லோவெல் கோல்பி ஆடிய ஆட்டங்களின் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். குட்டைக் கைக்காரன் எதிராளியைத் தொட அவசரப்படுவான், அவசரத்தில் வளைவான். இந்தப் பையன் அவசரப்படவில்லை. எதிராளி முதலில் தொடட்டும் என்று விட்டான். தொட்ட கையைக் கீழிருந்து தட்டிவிட்டு, அந்த இடைவெளியில் தன் கையை நெஞ்சில் வைத்தான். கால்கள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. லோவெலுக்கு இது இருபத்திரண்டு வயதில் தெரியாமல் போன விஷயம். எல்லோரும் இவனைக் கார்டு என்பார்கள், அதாவது ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி நிறுத்த வேண்டியவன் என்பார்கள். அவர், "டேக்கிள். இடது ஓரம். கையைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள்," என்று எழுதி அனுப்பினார்.

அணியின் மேலாளர் ப்ரெண்டன் காஹில். லோவெலைவிட வெகு இளையவன். பெரிய கல்லூரியில் சட்டம் படித்தவன், கூர்மையானவன், மரியாதையாகப் பேசுவான். டிசம்பர் முதல் வாரத்தில் அவனே போன் செய்தான்.

"நீங்க எழுதினதப் படிச்சேன். படமும் பாத்தேன். நீங்க சொல்றது சரி. இந்த வருஷம் டிராஃப்டுக்கு வருவானா?"

"தெரியாது. இன்னும் ஒரு வருஷம் இருக்கு அவனுக்கு."

"அடுத்த வருஷம் வந்தா?"

"எல்லாரும் பாத்துருவாங்க. ரெண்டாவது ரவுண்டு. முதல் ரவுண்டுக்கே போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்."

"இந்த வருஷம் வந்தா?"

"சின்னக் கல்லூரி, குட்டைக் கை. யாரும் பேரே கேட்டிருக்க மாட்டாங்க. கடைசில கிடப்பான். எடுக்காமலே விட்டாலும் விடுவாங்க."

"நம்ம எடுத்துப்போம். ஆறாவது ரவுண்டுல." காஹில் சிரித்தான். "நமக்கு இந்த வருஷமே டேக்கிள் வேணும் லோவெல். அவன் கோச் உங்க சிநேகிதர்தான?"

"ஆமா."

"நீங்க அவர்கிட்ட ஒரு பொய்யும் சொல்ல வேணாம். சொல்லச் சொல்லவும் மாட்டேன். ரூல்படி நடந்துக்குங்க, போதும்." பிறகு பேச்சை மாற்றினான். "மே மாசத்தோட உங்க கான்ட்ராக்ட் முடியுதுல்ல?"

"முடியுது."

"இல்ல, சும்மா கேட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. சப்பர் கிளப்பில் கூட்டம் குறையவில்லை; அந்த ஊரில் வெள்ளிக்கிழமை மீனுக்குப் பனி குறுக்கே நின்றதில்லை. ஜீன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிராந்தி வந்தது.

"ராஷ்கே," என்றார் ஜீன்.

லோவெல் தம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எவனோ ஒரு ஏஜென்ட் பய அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணி, ரெண்டாவது ரவுண்டு நிச்சயம்னு சொல்லியிருக்கான். அந்த அம்மா எனக்குப் போன் பண்ணுது. ஏங்க கோச், நெசமாங்குது. நான் என்னத்தக் கண்டேன்? எங்காளு ஒருத்தர் இருக்காரு, அவரு வாய்ல இருந்து வரட்டும், அதுவரைக்கும் பையன எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லுங்கன்னேன். சொல்லு. இருக்கட்டுமா, போகட்டுமா?"

இருக்கட்டும் என்பதுதான் உண்மை. லோவெலுக்கு அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. இன்னும் ஒரு வருஷம் ஆடட்டும், எல்லோரும் பார்க்கட்டும், கையில் பட்டத்தை வாங்கிக்கொள்ளட்டும். கை குட்டை என்று யாராவது திருப்பி அனுப்பினாலும் வாத்தியார் வேலையாவது இருக்கும்.

"ரூல் இருக்கே, ஜீன்," என்றார்.

ஜீன் சிரித்தார். லோவெல் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"இத்தன வருஷமா இல்லாத ரூலு இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"இருக்கத்தான் செஞ்சுது."

"நெசமாவா சொல்ற?"

"இதுக்கு மேல கேக்காத."

ஜீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் மெல்லப் பரவியது. அது என்ன என்று லோவெலுக்குத் தெரியும். தெரியாதவர் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. ஸ்கவுட் ஒருவன் ஒரு பையனைத் திட்டினால் அவனை வேண்டாம் என்று அர்த்தம். புகழ்ந்தால், எடுக்கிற உத்தேசம் இல்லை, அடுத்தவனை ஏமாற்றுகிறான் என்று அர்த்தம். வாயை இறுக மூடிக்கொண்டால், அவன் அணி அந்தப் பையனைச் சீக்கிரமே, மேல் சுற்றிலேயே எடுக்கப் பதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். வேறெந்த ஊரில் வேறெந்த வேலை செய்கிறவனும் ஒரு மௌனத்தை அப்படிப் படித்திருக்க மாட்டான்.

"அப்படியா சங்கதி," என்றார் ஜீன், குரலைத் தாழ்த்தி. "சரி. நான் கேக்கல. நீ சொல்லல. நம்ம மீனத் தின்னுட்டுப் போவோம்."

அப்போதும் நேரம் இருந்தது. நீ நினைக்கிற மாதிரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். மீன் வந்தது. முட்டைக்கோஸ் வந்தது. கம்பு ரொட்டி வந்தது. ஜீன் சந்தோஷமாகச் சாப்பிட்டார். போகும்போது பரிமாறிய பெண்ணிடம், "இந்த ஆளுக்குக் காபி குடு, முகமே சரியில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் மார்லிஸ் தூங்காமல் இருந்தாள். "ஜீனுக்கு என்ன சொன்ன?"

"ரூல சொன்னேன்."

"உனக்கு ரூல் தெரியும்ங்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்," என்று விளக்கை அணைத்தாள்.

கான்ட்ராக்டுக்காகத்தான் அப்படிச் செய்தோமா என்று லோவெல் பின்னாளில் பல தடவை தன்னையே கேட்டிருக்கிறார். ஆமாம் என்று பதில் வந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஐம்பத்தெட்டு வயது ஆள் வேலைக்குப் பயப்படுவது யாருக்கும் புரியும். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி, அந்தப் பையனைத் தன் அணிக்காகத் தானே கண்டுபிடித்ததாக இருக்க வேண்டும் என்ற ஆசை. அடுத்த வருஷம் என்றால் எல்லோருக்கும் அவன் தெரிந்துவிடுவான், வேறு எவனாவது கொண்டுபோய்விடுவான். ஒரு குட்டைக் கை டேக்கிள் இடது ஓரத்தில், தான் சொன்ன சொல்லுக்காக, தன் அணியின் உடுப்போடு நிற்பதை அவர் பார்க்க விரும்பினார். அந்த ஆசைக்கு ஜனவரியில் கோல்பி ராஷ்கே டிராஃப்ட் தாளில் கையெழுத்துப் போட்டான்.

ஏப்ரலில் டிராஃப்ட். மூன்றாம் நாள், சுவர் முழுக்கப் பெயர்ப் பட்டைகள் ஒட்டிய அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ராஷ்கேவின் பட்டை கீழே ஆறாவது சுற்றுக்கு நேராக இருந்தது. நாலாவது சுற்றில் யாரும் எதிர்பாராமல் தெற்கத்திப் பையன் ஒருவன் மிஞ்சி நின்றான். டேக்கிள். கை அவ்வளவு நீளம். குனியாமலே ஷூ நாடாவைக் கட்டிக்கொள்வான் என்று யாரோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அவன் இடுப்பில் வளைபவன் என்று லோவெல் சொன்னார். காஹில் அவனை எடுத்தான்.

ஆறாவது சுற்று வந்தது. லோவெல், "ராஷ்கே இன்னும் இருக்கான்," என்றார்.

"பாத்தேன்," என்றான் காஹில். "டேக்கிள்தான் எடுத்தாச்சே."

"இவன் வேற ரகம்."

"கை குட்டை லோவெல். இந்த அறைல எல்லாரும் அவனக் கார்டுங்கறாங்க. உங்க ஒருத்தருக்காக நான் எப்படி..." என்று சொல்லி, வேறொரு பெயரைப் போனில் சொன்னான். ஏழாவது சுற்றும் அப்படியே போனது. வேறு எந்த அணியும் எடுக்கவில்லை. டிசம்பரில் அவர் போனில் சொன்னபடிதான் நடந்தது, ஓர் எழுத்து பிசகாமல். மே மாதம் அவருக்கு இரண்டு வருஷக் கான்ட்ராக்ட் வந்தது.

கோல்பியைக் கோடைப் பயிற்சிக்கு வேறொரு அணி கூப்பிட்டது. கார்டாக நிறுத்தினார்கள். உள்ளே நிற்க அவனுக்குக் கனம் போதவில்லை; ஆகஸ்டில் திருப்பி அனுப்பினார்கள். கல்லூரிக்குத் திரும்பப் போகப் போவதாகத்தான் சொன்னான். கொஞ்ச நாள் அம்மாவோடு சீஸ் ஃபேக்டரியில் இருந்துவிட்டுப் போகலாம் என்றான். பிறகு பால் லாரி ஓட்டினான். பிறகு கல்யாணம், பிள்ளை. கணக்கு வாத்தியார் படிப்பில் இரண்டு பருவம் மிச்சம் கிடந்தது.

அந்த ஆகஸ்டில் லோவெல் ஆற்றங்கரைக் கல்லூரிக்குப் போகத் தயங்கினார். வேலை, போகாமல் முடியாது. ஜீன் எப்போதும்போல் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் பையன்களைப் பற்றி ஒவ்வொருவனாகச் சொன்னார். ஒருவனுக்குக் கணுக்கால் சரியில்லை என்றார், ஒருவன் குடிக்கிறான் என்றார். எல்லாம் உண்மை. டிசம்பரில் மீன் மேசையில் அவர் ஒரு பெயரும் சொல்லவில்லை. வானிலை பேசினார், ஆற்றில் பனி உறைவதைப் பேசினார். அடுத்த வருஷமும் அப்படியே. தன் பங்கை ஜீன் நிறுத்தவில்லை. லோவெலின் பங்கைக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அது கோபம் என்று லோவெல் நினைத்தார். கோபம் என்றால் சரி, தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

கோபம் இல்லை என்று தெரிந்தது ஜீன் ஓய்வு பெற்றபோது. அதே சப்பர் கிளப்பில் விருந்து வைத்தார்கள். பழைய பையன்கள் எல்லாம் தொப்பையோடு வந்திருந்தார்கள். ஜீன் நாலு வார்த்தை பேசினார். நடுவில் லோவெலைக் காட்டி, "இந்தத் தொழில்ல என்கிட்ட ஒரு தடவகூடப் பொய் சொல்லாத ஒரே ஆளு, அதோ அந்த நெட்டைக் கொக்கு," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மார்லிஸ் தட்டவில்லை. அவள் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

விருந்து முடிந்து கார் நிறுத்துமிடத்தில் லோவெல் காத்து நின்றார். ஜீன் பரிசுப் பொட்டலங்களோடு வந்தார்.

"ஜீன், அந்த ராஷ்கே பையன் விஷயம்..."

"அத விடு." ஜீன் பொட்டலங்களைக் கார் மேல் வைத்தார். "அது முழுக்க என் தப்பு. நீ ஒண்ணுமே சொல்லல, நான்தான் உன் மூஞ்சியப் பாத்து ஒரு கணக்குப் போட்டேன். ரெண்டாவது ரவுண்டுன்னு அந்த அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன்."

"நீ போட்ட கணக்கு..."

"தப்புக் கணக்கு. அவங்க வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டேன், ஜோலீன், நான் உங்க பையனக் கெடுத்துட்டேன்னு. அந்த அம்மா காபி போட்டுக் குடுத்துச்சு." மூக்கை உறிஞ்சினார், குளிர்தான். "உன்கிட்ட ரூல மீறச் சொல்லிக் கேட்டதே தப்பு. அதுலருந்து நான் கேக்கறதே இல்ல, பாத்தியா?"

தன் கணக்கு தப்பு என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கணக்குப் போடுவார் என்று தெரிந்தே ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பது அவர் மனசுக்கு எட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான். லோவெல் அதற்காக வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து இரண்டு பழைய பையன்கள் பாடிக்கொண்டே வெளியே வந்து ஜீனைத் தூக்கினார்கள். "டேய், எறக்குங்கடா, இப்பத்தான் ஆபரேஷன் பண்ணிப் புது இடுப்பு வச்சிருக்கு," என்று ஜீன் கத்தினார். லோவெல் காரைக் கிளப்பினார்.

"சொன்னியா?" என்றாள் மார்லிஸ்.

"ஆளுங்க வந்துட்டாங்க."

கார் ஊர் எல்லையைத் தாண்டியது. "நாளைக்கும் அவரு அதே வீட்லதான இருப்பாரு," என்றாள்.

இருந்தார். அடுத்த நாளும், அதற்கடுத்த வருஷங்களிலும் அதே வீட்டில்தான் இருந்தார். லோவெலும் ஓய்வு பெற்றார். இரண்டு பேரும் வெள்ளிக்கிழமைகளில் மீன் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு வெள்ளியும் அவர் அந்த வாக்கியத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். நல்ல சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். ஜீனுக்கு உடம்பு சரியில்லாதபோது சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருக்கும்போது கெடுக்கக் கூடாது. இப்படியே ஒரு பிப்ரவரியில், வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, லோவெல் ஹாக்ஸ்டாட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடக்கத்துக்கு ஜீன் வந்து சவப்பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தார். மார்லிஸ் அவரிடம் ஏதோ சொல்ல வந்தாள். அது அவள் சொல்ல வேண்டியது இல்லை என்று விட்டுவிட்டாள்.

ஜீன் ப்ளாஸ்கி இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார். மளிகைக் கடைக்குத் தானே நடந்து போகிறார். ரொட்டி அடுக்கிய பக்கத்தில் ஜோலீன் ராஷ்கே நிற்பது தூரத்தில் தெரிந்தால், ரொட்டி வாங்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுகிறார்.